பள்ளிபாளையம் கோழிக்கு எந்தப் பழைய ஒயின்?

திருப்பூரிலிருந்து ஆர்டர் பேசவும் கண்காட்சிக்கும் ஐரோப்பா போகும் நண்பர்கள் கிளம்புவதற்கு முதல் நாள் என்னை அழைப்பார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: வரும்போது நல்ல பழைய ஒயின் ஒன்று வாங்கி வர வேண்டும், எதை வாங்குவது? சுங்க விதிப்படி ஒரு பயணி வரி கட்டாமல் கொண்டுவரக்கூடியது 2 லிட்டர். முழுப் புட்டி என்பது 750 மில்லி. ஆகவே இரண்டு முழுப் புட்டி, கூடவே 375 மில்லி அரைப் புட்டி ஒன்று. அதற்கு மேல் இடமில்லை. இங்கேயே வாங்கலாம் என்றால், வெளிநாட்டு ஒயினுக்கு 150 சதவீத இறக்குமதி வரி என்பதே நீண்ட கால நிலவரம். 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் வசம். அதன் உயர்தரக் கடைகளிலும் நான் கண்டவை பெரும்பாலும் இளம் ஒயின்கள்தான். எனவே அந்த 2 லிட்டரில் எதை நிரப்புவது என்பது யோசித்து எடுக்க வேண்டிய முடிவு.

நாங்கள் எட்டுப் பேர். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை கோயம்புத்தூரை அடுத்த பேரூருக்கு அப்பால் ஒரு தோட்டத்து வீட்டில் கூடுவோம். ஒரு புட்டியை எட்டாகப் பிரித்தால் ஆளுக்கு 90 மில்லிக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். குடிப்பதற்கு அது குறைவு, சுவைத்துப் பேசுவதற்குத் தாராளம். சமையல் அந்த வீட்டு அக்காவின் பொறுப்பு. ஒயினுக்காகத் தன் கைப்பக்குவத்தை அவர் மாற்றியதில்லை, மாற்ற வேண்டும் என்று நாங்களும் கேட்டதில்லை. கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் அந்தச் சாப்பாட்டை நடுவில் வைத்துச் செய்தது.

எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் துவர்ப்பு. ஆறு சுவைகளில் ஒன்றாக அதைப் பிரித்துப் பெயர் வைத்த மொழி நம்முடையது என்பதால் ஒயினின் பாதிப் பாடம் நமக்கு முன்பே தெரியும். வாழைப்பூவும் கடுக்காயும் நாக்கை இழுத்துப் பிடிக்கின்றனவே, அதுவேதான் சிவப்பு ஒயினின் டானின். எச்சிலில் உள்ள புரதத்தோடு அது ஒட்டிக்கொள்வதால் வாய் வறள்கிறது. வரமிளகாய் ஏறிய வாயில் அந்த வறட்சி இன்னும் கரடாகிவிடும். கொழுப்பும் புரதமும் உப்பும் அதைத் தணிக்கும்.

இரண்டாவது ஆல்கஹால். ஒயின் காரத்தை அடக்கும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மை நேர்மாறானது: ஆல்கஹால் எரிச்சலைக் கிளறிவிடும். காரத்தை ஆற்றுவது இனிப்பும் குளிர்ச்சியும்தான். 8 சதவீத ஒயினும் 14 சதவீத ஒயினும் ஒரே கோழித் துண்டோடு முற்றிலும் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

மூன்றாவது, மணத்தின் மென்மை. ஆண்டுகள் போகப் போக டானின் துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து கனத்து, மண்டியாக அடியில் படிகின்றன. அதனால் பழைய சிவப்பு ஒயின் நாக்கில் மெத்தென்று இருக்கும். அதே நேரத்தில் பழ வாசனை குறைந்து, உலர்ந்த இலை, தோல், காளான், ஈர மண், புகையிலை போன்ற நுண்ணிய மணங்கள் மேலே வருகின்றன. சிக்கல் இங்கேதான். இளம் ஒயின் நம் உணவோடு மோதும். பழைய ஒயின் நம் உணவுக்குள் மூழ்கிப் போகும். நல்லவேளையாகக் கொங்குச் சமையலில் மசாலாப் பொடிகளின் ஆட்சி குறைவு. ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் பிறந்த பள்ளிபாளையம் கோழியில் சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, மஞ்சள், கறிவேப்பிலை தவிர வேறு பெரிதாக எதுவும் இல்லை. தக்காளியும் இல்லை, அரைத்த மசாலாவும் இல்லை. மிளகாயின் விதையைத் தட்டிவிட்டுப் போட்டால் ஒயினுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது.

நான்காவது வெயில். என் கணக்கில் இதுவே தலையாயது. ஒயின் அமைதியாக முதிர்வதற்கு 12 முதல் 14 டிகிரி வரை மாறாத குளிர் வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோயம்புத்தூரை எவ்வளவு ஆற்றினாலும் சித்திரை மதியம் 35 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் அலமாரியில் கிடக்கும் புட்டி முதிராது, வெந்துபோகும். எங்கள் குழு ஒரு முறை இதற்கு விலை கொடுத்தது. வெளிநாட்டுக் கடை ஒன்றில் வாங்கிய, போர்தோவின் பொய்யாக் என்ற ஊரில் விளைந்த ஒயின், நண்பர் ஒருவர் வீட்டு மர அலமாரியில் இரண்டு கோடைகள் இருந்தது. திறந்தபோது தக்கை அரை விரற்கடை மேலே தள்ளிக்கொண்டு நின்றது. ஒயினில் வேகவைத்த கொடிமுந்திரியின் மணம் மட்டுமே மிச்சம். அன்றிலிருந்து என் முடிவு இது: முதிர்ச்சியை நாம் இந்த ஊரில் வளர்க்க முடியாது, தயாரிப்பாளரிடமிருந்து விலைக்கு வாங்கத்தான் முடியும். கீழே பிரான்சின் போர்தோ, ஸ்பெயினின் ரியோஹா, ஜெர்மனியின் ரீஸ்லிங், போர்ச்சுகலின் மடெய்ரா என்ற நான்கு வகைகளையும் பார்க்கும்போது இந்த ஒரு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

| | பழைய போர்தோ | ரியோஹா கிரான் ரெசர்வா | பழைய இனிப்பு ரீஸ்லிங் | மடெய்ரா |
|---|---|---|---|---|
| ஆல்கஹால் (சதவீதம்) | 12–13.5 | 13–14 | 7.5–9 | 17–22 |
| துவர்ப்பு | உண்டு, தணிந்தது | குறைவு | இல்லை | பெரும்பாலும் இல்லை |
| பரிமாறும் குளிர் (டிகிரி) | 16–18 | 16–17 | 8–10 | 12–16 |
| திறந்த பிறகு | அன்றிரவே | அன்றிரவு, சில சமயம் மறுநாள் | குளிர்பெட்டியில் 3–4 நாள் | பல மாதங்கள் |
| நம் வெயிலைத் தாங்குமா | தாங்காது | தாங்காது | தாங்காது | தாங்கும் |

பழைய போர்தோ

பெயருக்காகவே எல்லோரும் முதலில் கேட்பது இது. 1855ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்காகத் தயாரித்த தரப்பட்டியல் இன்றும் விலையை ஆள்கிறது. முதல் வரிசையில் இருப்பவை ஐந்தே பண்ணைகள், அவற்றில் மூத்தோன் ரோத்ஷில்ட் என்ற பண்ணை 1973இல்தான் அங்கே உயர்த்தப்பட்டது. 1982, 1990, 1996, 2000, 2005 போன்ற அறுவடை ஆண்டுகளின் பெயரைச் சொன்னாலே ஆர்வலர்களின் முகம் மாறும். அந்த உயரத்துக்குப் போக வேண்டிய அவசியமில்லை. இரண்டாம் மூன்றாம் வரிசைப் பண்ணைகளின் 15, 20 வயது ஒயினே தேவதாரு, பென்சில் சீவல், கருந்திராட்சை, புகையிலை என்று அடுக்கடுக்காக விரியும்.

சாப்பாட்டோடு? பள்ளிபாளையம் கோழியோடு ஒயினும் தோற்றது, கோழியும் தோற்றது. காரம் ஏறியதும் மீதமிருந்த துவர்ப்பு முன்னே வந்து நின்றது. இருபது ஆண்டு மணங்கள் எங்கே போயின என்றே தெரியவில்லை. அதே ஒயின், அக்கா மிளகும் கொத்தமல்லியும் மட்டும் போட்டு மெதுவாக வேகவைத்த வெள்ளாட்டு நல்லி எலும்போடு வேறு ஆளாக மாறியது. எலும்புக்குள் இருந்த கொழுப்பு துவர்ப்பை வாங்கிக்கொண்டது, ஆட்டுக்கறியின் வாசனையோடு தோல் வாசனை போய் இணைந்தது. ஆக, இதற்குப் பொருத்தமான உணவு நம் ஊரில் இருக்கிறது. ஆனால் முழு இலைச் சாப்பாட்டுக்கு நடுவே வைக்க முடியாது; அந்த ஒரு உணவுக்காக மேசையைத் துடைத்து வைத்துவிட்டு உட்கார வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகளும் இதில்தான் அதிகம். புட்டியின் கடந்த காலம் தெரிய வேண்டும். கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் ஒயின் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். 20 வயதுப் புட்டியில் தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் வாங்காதீர்கள். வந்து சேர்ந்ததும் ஒயின் குளிர்பெட்டி வேண்டும், மின்வெட்டுக்கு அதற்கொரு மாற்று வேண்டும். பழைய தக்கை சாதாரணத் திருகாணியில் உதிரும், பக்கவாட்டில் இரண்டு தகடு நுழையும் திறப்பான் வேண்டும். குடிப்பதற்கு இரண்டு நாள் முன்பே புட்டியை நிமிர்த்தி நிறுத்தி மண்டியை அடியில் இறங்க விட வேண்டும். பிறகு புளிக்கரைசலை இறுப்பதுபோல், கழுத்துக்குப் பின்னால் ஒரு விளக்கைப் பிடித்துக்கொண்டு, மண்டி எட்டிப் பார்க்கும் நொடியில் கையை நிறுத்த வேண்டும். இத்தனையும் செய்து தக்கைப் பூஞ்சை வாடை அடித்தால் திருப்பிக் கொடுக்க ஆளில்லை. கடை பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

குன்னூரில் உறவினர் வீடு இருக்கிறவர்களுக்கு ஒரு யோசனை: மலை வீட்டின் வடக்குப் பார்த்த அறை நம் சமவெளி அறைகளைவிட எவ்வளவோ மேல். சில மாதங்களுக்குத் தாராளமாக வைக்கலாம். பத்தாண்டுக்கு அதையும் நம்ப மாட்டேன்.

ரியோஹா கிரான் ரெசர்வா

என் மனம் சாய்வது இந்தப் பக்கம். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் திராட்சைக் கொடிகளை நோய்களும் பைலாக்சரா பூச்சியும் அழித்தபோது போர்தோ வணிகர்கள் ஒயின் தேடி ஸ்பெயினுக்குள் இறங்கினார்கள். பீப்பாயில் வைத்து முதிரச் செய்யும் போர்தோ முறை அந்தக் காலத்தில் ரியோஹாவில் வேரூன்றியது. ஆனால் பீப்பாய்க்கு ஸ்பானியர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது அமெரிக்க ஓக் மரத்தை. எங்கள் இலைக்கு அதிர்ஷ்டம் வந்தது இந்த வழியாகத்தான். ஓக் மரத்தில் லாக்டோன் என்ற வகைச் சேர்மம் உண்டு. பிரெஞ்சு ஓக்கைவிட அமெரிக்க ஓக்கில் அது தூக்கலாக இருக்கும். அதன் மணம் தேங்காய்.

முதல் முறை இதை நாங்கள் திட்டமிட்டுச் செய்யவில்லை. கோழிச் சட்டி மேசைக்கு வந்தது, எண்ணெயில் சிவந்த தேங்காய்ச் சில்லு மேலே மின்னியது. ஒருவர் அதைக் கடித்துக்கொண்டே ஒரு மிடறு ரியோஹாவை எடுத்தார், எடுத்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். ஒயினில் இருந்த தேங்காயும் சட்டியில் இருந்த தேங்காயும் ஒன்றையொன்று கூப்பிட்டன. உலர்ந்த செர்ரி, தோல், வெண்ணிலா எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையாக வந்தன. காரம் இருந்தது, ஆனால் துவர்ப்பு பீப்பாயிலேயே தணிந்துவிட்டதால் மோதல் இல்லை. பிறகு நான்கு கூட்டங்களில் வேறு வேறு புட்டிகளோடு சோதித்துப் பார்த்துவிட்டோம். பிரெஞ்சு ஓக்கில் வைத்த நவீன பாணி ரியோஹாவுக்கு இந்தப் பொருத்தம் அவ்வளவாக வரவில்லை. எனவே வாங்கும்போது பழைய பாணியா, அமெரிக்க ஓக்கா என்று கேட்டு வாங்குங்கள். 1877இல் தொடங்கிய லோபெஸ் தே எரேதியா, 1890இல் தொடங்கிய லா ரியோஹா ஆல்டா ஆகிய இரண்டும் அந்தப் பாணியை விடாமல் காப்பவை.

விலைக் கணக்கிலும் இது நியாயமானது. கிரான் ரெசர்வா என்று பெயரிட வேண்டுமானால் குறைந்தது ஐந்து ஆண்டுகள் முதிர வைத்திருக்க வேண்டும். அதில் இரண்டு ஆண்டுகளாவது பீப்பாயில். பல பண்ணைகள் அதைவிட நெடுங்காலம் தங்கள் நிலவறையிலேயே வைத்திருந்துதான் வெளியே விடுகின்றன. குளிரூட்டும் செலவு, காத்திருக்கும் செலவு, புட்டி கெடும் அபாயம் எல்லாவற்றையும் பண்ணையே சுமந்துவிட்டது. கடையில் கிடைக்கும் நாளிலேயே அது தயார். நல்ல போர்தோவின் பழைய ஆண்டுகளோடு ஒப்பிட்டால் விலையும் கணிசமாகக் குறைவு.

குறைகளையும் சொல்ல வேண்டும். வாங்கி வந்த ஓரிரு வாரத்தில் திறந்துவிட வேண்டும். இதுவும் வெயில் தாங்காது. கொள்ளுப் பருப்போடும் புளிக் குழம்போடும் இது சேரவில்லை. அதிகம் காற்றுப் பட வைத்தால் ஒரு மணி நேரத்தில் தளர்ந்துவிடும் புட்டிகளும் உண்டு, ஆகவே இறுத்ததும் பரிமாறுங்கள்.

பழைய இனிப்பு ரீஸ்லிங்

வெள்ளை ஒயின் முதிருமா என்று கேட்பவர்கள் ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கு ரீஸ்லிங் ஒன்றைப் பதினைந்து வயதில் சுவைத்துப் பார்க்க வேண்டும். ஸ்லேட் கல் சரிவுகளில் விளையும் இந்தத் திராட்சையின் புளிப்பே அதற்கு ஆயுள். ஷ்பேட்லேசே என்ற வகை வயதாக வயதாகத் தேன் நிறம் கொள்ளும், இனிப்பு உள்வாங்கியதுபோல் தோன்றும், மண்ணெண்ணெய் வாடையை நினைவூட்டும் ஒரு மணம் எழும். முதல் மிடறில் அந்த மணத்துக்கு முகம் சுளித்தவர்கள் எங்கள் குழுவிலும் இருந்தார்கள். அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல, இந்தத் திராட்சைக்கே உரிய குணம்.

காரத்துக்கு இதைவிட நல்ல துணை நான்கில் இல்லை. துவர்ப்பு கிடையாது, ஆல்கஹால் 8 சதவீதம் அளவில்தான், இனிப்பு உண்டு, குளிரப் பரிமாறுவது. விதை எடுக்காத மிளகாயில் செய்த சிந்தாமணிக் கோழியோடும் நின்றது இது ஒன்றே. சைவக் குடும்பங்களுக்கும் இதையே சொல்வேன். நெய் மணக்கும் அரிசிம்பருப்புச் சாதம், தொட்டுக்கொள்ள அப்பளம், பக்கத்தில் ஒரு குவளை பழைய ரீஸ்லிங். சோற்றின் கனத்தை ஒயினின் புளிப்பு மிடறுக்கு மிடறு துடைத்து எடுக்கும். தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகையோடு மட்டும் வேண்டாம். உணவின் இனிப்பு ஒயினைவிட மிஞ்சினால் ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும்.

இதில் உள்ள தொல்லை தேடல்தான். ரியோஹா போல இது முதிர்ந்து கடைக்கு வருவதில்லை. பெரும்பாலும் அறுவடைக்கு அடுத்த ஆண்டிலேயே விற்பனைக்கு வந்துவிடும். பழைய ஆண்டு வேண்டுமென்றால் பண்ணையிலோ தேர்ந்த கடையிலோ கேட்க வேண்டும். ஜெர்மனிக்கே போகிறவர்களுக்குச் சிரமமில்லை, மற்றவர்களுக்குச் சிரமம்.

மடெய்ரா

அட்லாண்டிக் நடுவே போர்ச்சுகலுக்குச் சொந்தமான தீவு அது. இந்தியா வரும் கப்பல்கள் அங்கே நின்று பீப்பாய் ஏற்றிக்கொண்டன. வெப்ப மண்டலத்தைக் கடந்து போய்த் திரும்பிய ஒயின் கெடவில்லை, மேலும் சிறந்திருந்தது என்று கண்டுகொண்ட தீவுக்காரர்கள் அந்தக் கடல் வெயிலைக் கரையிலேயே செய்யத் தொடங்கினார்கள். எளிய வகைகளை இன்றும் 45 முதல் 50 டிகிரி வரை குறைந்தது மூன்று மாதம் சூடாக்குகிறார்கள். உயர்ந்த வகைகள் வெயில் படும் மாடி அறைகளில் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. சென்னையில் குடியிருந்த ஆங்கிலேயர்கள் விரும்பிக் குடித்ததும் இதைத்தான்.

ஆகவே நம் வெயில் இதற்குப் புதிதல்ல. குளிர்பெட்டி வேண்டாம், மின்வெட்டுக் கவலை வேண்டாம். இருண்ட அலமாரியில் நிமிர்த்தி வைத்தால் போதும். திறந்த பிறகும் மாதக்கணக்கில் நிற்கும் என்பதால், ஆள் கூடினால்தான் திறக்க முடியும் என்ற கட்டாயமும் இல்லை. 10, 15, 20 ஆண்டு என்று சீட்டிலேயே வயது எழுதியிருக்கும். இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டுக்கு நான் வேறு எதையும் சொல்லவே மாட்டேன்.

18 சதவீத ஆல்கஹால் என்பதால் காரமான கோழியோடு வைத்தால் நெருப்பில் எண்ணெய்தான். சாப்பாட்டின் இரு முனைகளில் இதற்கு இடம். தொடக்கத்தில் செர்சியால் என்ற உலர் வகையைச் சின்னக் குவளையில், சூடான கொள்ளு ரசத்தோடு வையுங்கள். ஐரோப்பாவில் தெளிந்த இறைச்சிச் சாற்றோடு அதைப் பரிமாறும் வழக்கம் உண்டு, நம் கொள்ளு ரசத்தின் மண் மணம் அதற்குக் குறைந்ததல்ல. முடிவில் போவால் வகையை ஒப்புட்டோடு. வெல்லம் காய்ந்த மணமும் ஒயினின் கருகிய சர்க்கரை மணமும் ஒரே சட்டியில் இறங்கியவை போல இருக்கும், அடியில் ஓடும் புளிப்பு திகட்டாமல் பார்த்துக்கொள்ளும். எள்ளுருண்டையோடும் அருமை.

யாருக்கு எது

கூட்டம் எட்டுப் பேர், சாப்பாடு பள்ளிபாளையம் கோழி, புட்டியைக் கொண்டுவந்த மாதத்திலேயே திறக்கப் போகிறீர்கள் என்றால் கிரான் ரெசர்வா. அதில் எனக்குத் தயக்கமே இல்லை. வீட்டில் காரம் தூக்கல் அல்லது சைவம் என்றால் ரீஸ்லிங். போர்தோவை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்; நம்பகமான புட்டி, நல்லி எலும்பு, பொறுமை, குளிர்பெட்டி நான்கும் கையில் இருந்து, ஒரு புட்டி ஏமாற்றினாலும் தாங்கும் பணமும் இருந்தால் வாங்குங்கள். எப்போது திறப்போம் என்றே தெரியாவிட்டால் மடெய்ரா.

2 லிட்டரை நான் நிரப்பினால் ஒரு கிரான் ரெசர்வா, ஒரு மடெய்ரா, அரைப் புட்டியில் கிடைத்தால் ஒரு ரீஸ்லிங். பரிமாறும் வரிசை ரீஸ்லிங், ரியோஹா, மடெய்ரா. மூன்றுக்கும் சேர்த்து ஒரு செலவை மறக்க வேண்டாம்: ஆளுக்குக் கொஞ்சம்தான் என்றாலும் வண்டி ஓட்ட ஓட்டுநர் ஒருவர் வேண்டும், அல்லது திண்ணையில் எட்டுப் பாய் வேண்டும். எங்கள் கூட்டத்தில் இரண்டும் நடந்திருக்கிறது.

போன ஐப்பசியில் திறந்த செர்சியால் புட்டி என் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில் இன்னும் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது. மழை பிடித்த இரவில் அடுப்பில் கொள்ளு வேகும் வாசனை வந்தால் அதை எடுப்பேன்.